பெறுநர்

மனு எழுத வருகிறவர்கள் கதையிலிருந்துதான் தொடங்குவார்கள். யார் என்ன சொன்னார், எத்தனை நாள் அலைந்தார், எந்த ஆபீஸில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள் என்று எல்லாம் வரும். நான் குறுக்கே பேசமாட்டேன். முழுசாகச் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்பேன். "இதுக்கு முன்னாடி எழுதினது இருந்தா குடுங்க." மஞ்சப் பையிலிருந்து ஒரு கட்டு ஜெராக்ஸ் வெளியே வரும். அதில் என் கண் முதலில் போவது இடது பக்கம் ‘பெறுநர்’ என்று இருக்கும் இடத்துக்கு. பாதிக்குப் பாதி மனுக்கள் அங்கேயே வழி தவறியிருக்கும்.

தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் என் கடை. ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி மூன்று. லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தருகிறேன். இருந்தாலும் என் தொழில் என்னவென்று யாராவது கேட்டால் மனு எழுதுவது என்றுதான் சொல்வேன். நைனா 30 வருடத்துக்கும் மேல் ஓர் அரசு அலுவலக வாசலில், வேப்பமரத்தடியில், மரப்பெட்டியைக் கவிழ்த்து அதையே மேசையாக்கி மனு எழுதியவர். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போவேன். இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே கார்பனை வைத்து, நாலு மூலையும் சமமாக வருகிற மாதிரி பெட்டியின் மேல் தட்டிக் கொடுப்பது என் வேலை. கார்பனின் மினுமினுப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே ஒரு பிரதி ஆபீஸுக்கு, கீழே இருப்பது மனுதாரருக்கு. அந்தக் கீழ்ப் பிரதியில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்காமல் யாரையும் வீட்டுக்குப் போக நைனா விடமாட்டார்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பெறுநரில் ஆள் பேரை எழுதக் கூடாது என்பது. "ஆளு போய்டுவாரு, நாற்காலி இருக்கும்மா. நாற்காலிக்கு எழுது" என்பார். அந்த வயதில் அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு தேர்தலின்போதும் அர்த்தம் புரிந்தது. தேர்தல் வேலையோடு நேரடித் தொடர்புள்ள அதிகாரி சொந்த மாவட்டத்தில் இருக்கக் கூடாது, கடைசி 4 வருடத்தில் 3 வருடம் ஒரே மாவட்டத்தில் இருந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. தேர்தலுக்குச் சில மாதம் முன்னால் வட்டாட்சியர்களும் இன்ஸ்பெக்டர்களும் வரிசையாக மாறுவார்கள். "போன வாரம்தான் அந்த சார்கிட்ட பேசினேன், செய்றேன்னு சொன்னாரே" என்று வந்து நிற்பவர்களை அந்தச் சமயத்தில் நிறையப் பார்க்கலாம். பேசியது அந்த சாரிடம். நாற்காலியிடம் காகிதம் எதுவும் இல்லை.

நைனா ஒரு நோட்டு வைத்திருந்தார். நீளமான கோடு போட்ட கணக்கு நோட்டு, காக்கி அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. எந்தக் குறைக்கு எந்த நாற்காலி என்று அதில் எழுதி வைத்திருப்பார். இடது பக்கம் விஷயம், வலது பக்கம் பதவியும் முகவரியும். தெருவிளக்கு, பட்டா, முதியோர் பென்ஷன், குழந்தை பிறப்புப் பதிவு, ரேஷன் கார்டில் பேர் நீக்கம் என்று அறுபது பக்கத்துக்கு மேல் போகும். இப்போது அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் 2011-லிருந்து இருக்கும் அடித்தல்கள் எல்லாம் என் கைதான்.

அந்த வருடம்தான் சென்னை மாநகராட்சி பெருத்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்தது 426 ஆயிற்று. 155 வார்டு 200 வார்டாகவும், 10 மண்டலம் 15 மண்டலமாகவும் ஆனது. அதுவரை தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர் மாநகராட்சியின் 1-வது மண்டலம் ஆனது. மணலி 2, மாதவரம் 3, எங்கள் தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. வடக்கே கடற்கரையிலிருந்து எண்ணிக்கொண்டே வருகிற வரிசை. ஒரே ராத்திரியில் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வார்டு எண் மாறியது. ஆனாலும் திருவொற்றியூர்க்காரர் அதற்குப் பிறகும் 6 வருடத்துக்கு மேல் வருவாய்த் துறை விஷயத்துக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரராகவே இருந்தார். குப்பைக்கு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, பட்டாவுக்குத் திருவள்ளூர். 2018 ஜனவரியில் சென்னை மாவட்டத்தின் எல்லையை மாநகராட்சி எல்லை வரைக்கும் விரித்த பிறகுதான் இரண்டும் ஒன்றாகின. அப்போது ஒரு வாரம் உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினேன். அப்புறம் 2021-ல் குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. பழைய பெயர் 1970-லிருந்து இருந்தது. ஜனங்கள் இன்னும் ‘ஹவுஸிங் போர்டு’ என்றுதான் சொல்கிறார்கள், நான்தான் திருத்தி எழுத வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட்டு வாங்குகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் இன்னொருவர். ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது இதைச் சொல்கிறேன்.

"எம்.எல்.ஏ. கைல லெட்டர் வாங்கிட்டேன்கா, இன்னும் பொண்ணுக்கு ஜாதி சர்டிபிகேட் வர்ல" என்று ஓர் அம்மா போன ஜூனில் வந்து நின்றார். காலேஜ் அட்மிஷனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எம்.எல்.ஏ. பரிந்துரை செய்யலாம், சான்றிதழ் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். கோட்டையில் உட்கார்ந்து சட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் விவாதித்து, அந்தத் துறை அந்த வருடம் எவ்வளவு செலவு செய்யலாம் என்று ஒப்புதல் கொடுக்கிறார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு 3 கோடி ரூபாய்க்கான வேலைகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லலாம். எம்.பி.க்கு அது 5 கோடி. அந்த வேலையைக்கூடச் செய்வது அதிகாரிகள்தான். எம்.எல்.ஏ.க்குக் கீழே ஒரு வட்டாட்சியர்கூட வேலை பார்ப்பதில்லை. அமைச்சருக்குக் கீழேதான் துறை. துறைக்கு ஒரு செயலாளர், அவர் கோட்டையில் இருந்து அரசாணை போடுகிறார். அதை நடத்துகிற துறைத் தலைவர் கோட்டைக்கு வெளியே, சேப்பாக்கம் எழிலகம் மாதிரியான இடத்தில் இருக்கிறார். அவர் ஆணையர் அல்லது இயக்குநர். அங்கிருந்து மாவட்டம், கோட்டம், வட்டம் என்று இறங்கி கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து முடியும். சென்னைக்குள்ளும் வி.ஏ.ஓ. உண்டு. ‘நம்ம ஏரியா கிராமமா?’ என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்முடைய காகிதத்தில் கையெழுத்து விழுவது பெரும்பாலும் இந்த ஏணியின் கீழ்ப் படிகளில்தான். ஜாதிச் சான்றிதழையே பாருங்கள். பி.சி., எம்.பி.சி. என்றால் துணை வட்டாட்சியர் நிலையிலேயே முடிந்துவிடும். எஸ்.சி. என்றால் வட்டாட்சியர் போட வேண்டும். எஸ்.டி. என்றால் வருவாய்க் கோட்டாட்சியர். அந்த அம்மா எஸ்.சி. பெண்ணின் விண்ணப்பத்தில் அப்பாவின் சான்றிதழ் இணைக்கப்படவில்லை, அதனால்தான் நின்றுபோயிருக்கிறது. எம்.எல்.ஏ. கடிதத்தைப் பார்த்து யார் என்ன செய்ய முடியும்? அந்த அம்மா பீரோவைக் குடைந்து, 1988-ல் அவருடைய மாமனார் எடுத்து வைத்திருந்த மடித்த தாளைக் கொண்டுவந்தார். மடிப்பில் கிழிந்திருந்ததை டேப் போட்டு ஒட்டி ஸ்கேன் செய்தேன். அடுத்த நாள் சாயங்காலம் சான்றிதழ் வந்தது.

‘நகல்’ என்று கடைசியில் ஒரு பகுதி இருக்கிறதே, அதிலும் எனக்கும் வருகிறவர்களுக்கும் தினமும் வாதம்தான். முதலமைச்சர், பிரதமர், உயர் நீதிமன்றம், மனித உரிமை ஆணையம் எல்லாவற்றையும் போடச் சொல்வார்கள். பெரிய பேர் இருந்தால் பயம் வரும் என்பது எண்ணம். பத்து இடத்துக்கு நகல் போன மனுவை ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். முதலமைச்சருக்கு எழுதினாலும், 1100-க்கு போன் செய்தாலும், அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே கீழ்ப் படி அதிகாரியின் மேசைக்குத்தான் வரும். முதலில் அவருக்கு எழுதுவோம். அவர் செய்யவில்லை என்றால் அவருக்கு மேலே இருக்கும் ஒரே ஒருவருக்கு, முதல் மனுவின் முத்திரை போட்ட பிரதியை வைத்து எழுதுவோம். ‘பார்வை’ என்ற இடத்தில் முதல் மனுவின் தேதி வரும்போது அந்த இரண்டாவது மனுவுக்குக் கிடைக்கிற பலம் வேறு.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஓர் ஆயா வந்தது மறக்கவில்லை. கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். என் மேசையில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே இருந்தது டீத்தண்ணி மாதிரி ஒரு நிறம், அடியில் கறுப்பாக வண்டல். மூடியைத் திறக்க வேண்டியதில்லை, வாசனை வெளியிலேயே தெரிந்தது. "இத்தான் ஒரு மாசமா கொயாயில வருது. பேத்திக்கு வாந்தி பேதி நிக்கல." தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிய மனுக்களைக் காட்டினார். மேயருக்கு ஒன்று, எம்.எல்.ஏ.க்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முப்பது கையெழுத்து, கைநாட்டு. எவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தார்கள் தெரியுமா! ஒவ்வொரு கைநாட்டுக்கும் கீழே பேரை உருண்டை எழுத்தில் யாரோ ஒரு பள்ளிப் பிள்ளை எழுதியிருந்தது.

சென்னையில் குடிதண்ணீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியிடம் இல்லை. 1978-லிருந்து அதற்குத் தனி வாரியம், மெட்ரோ வாட்டர். ஆனால் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஒரே தெருவில், ஓர் ஆள் உயரத்துக்குள், குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒருவருடையது, அதற்குப் பக்கத்தில் ஓடும் வடிகால் இன்னொருவருடையது. மேலே இருக்கும் தெருவிளக்கு மாநகராட்சி, அந்த விளக்குக்கு வரும் கரன்ட் மின்வாரியம். வாரியத்தின் மண்டலங்களும் மாநகராட்சி மண்டலங்கள் மாதிரியே எண் போட்டிருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். நான் ‘பெறுநர்: பகுதிப் பொறியாளர், பகுதி 4’ என்று போட்டு, பணிமனைக்கு ஒரு நகல் வைத்து, மூன்றே பத்தியில் எழுதினேன். எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எந்த மணி நேரத்தில், எத்தனை நாளாக. குழந்தைகள் ஆஸ்பத்திரிச் சீட்டு நாலு இணைப்பு. நாலாவது நாள் ஆட்கள் வந்து தோண்டினார்கள். கழிவுநீர்த் தொட்டியை உரசிக்கொண்டு போன ஒரு வீட்டின் பழைய இரும்பு இணைப்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு மாசமும் ஒரு குழந்தையின் உடம்பும் தப்பான நாற்காலிகளுக்கு எழுதியதில் போயிருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வடசென்னையில் இது இன்னும் சிக்கல். எங்களுக்கு ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் ரயில்வே. இரண்டும் மத்திய அரசு. ரயில்வே இடத்தில் தேங்கும் தண்ணீருக்கு மாநகராட்சிக்கு எழுதிப் பயனில்லை. கடலுக்கும் பங்கு உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடியைப் பார்ப்பது மாநில மீன்வளத் துறை, அதற்கு அப்பால் மத்திய அரசு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, வலை கறுத்துப்போன அண்ணன்மார்கள் வரிசையாக வந்தார்கள். துறைமுகம் மத்திய அரசினுடையது, அது இருக்கும் இடம் திருவள்ளூர் மாவட்டம், எண்ணெய் ஒதுங்கியது எங்கள் கரையில், நிவாரணம் வர வேண்டியது மீன்வளத் துறை வழியாக. மாதவரத்துக்காரர்களைக் கேளுங்கள். கவுன்சிலர் சென்னை மாநகராட்சி, எம்.பி. திருவள்ளூர் தொகுதி. ஓட்டுக்கான எல்லை ஒரு கோடு, ஆபீஸுக்கான எல்லை இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தேர்தல் நேரத்தில் நானே தவறு செய்ததும் உண்டு. 2021 பிப்ரவரி 26 அன்று சட்டமன்றத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். அன்றிலிருந்து நடத்தை விதி. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். இருட்டோடு காசு கைமாறுகிற இடம். மார்ச்சில் ஒருநாள், ஏலம் எடுக்கும் அண்ணன் ஒருவர் 1,40,000 ரூபாயோடு பைக்கில் போகும்போது பறக்கும் படை நிறுத்தியிருக்கிறது. 50,000-க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். அவரிடம் சட்டைப் பையில் துண்டுச்சீட்டுகள்தான் இருந்தன. பணத்தை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள். "அது என் காசு மட்டும் இல்லம்மா. போட்டுக்காரனுக்குத் தர வேண்டிய காசு. தரலேன்னா நாளைக்கு எனக்கு மீனே விடமாட்டான்" என்றார். குரல் நடுங்கியது.

பறிமுதல், மாவட்டம் என்றதும் என் கை தானாக ‘மாவட்ட ஆட்சியர்’ என்று அடித்துவிட்டது. அவர் ராஜாஜி சாலைக்குப் போய் மதியம் வரை நின்றுவிட்டு, இது இங்கே இல்லை என்று திரும்பி வந்தார். மற்ற மாவட்டங்களில் கலெக்டர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். சென்னையில் மாநகராட்சி ஆணையர். நோட்டில் நைனா அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தார், நான் அவசரத்தில் புரட்டிப் பார்க்கவில்லை. அந்த அண்ணனுக்கு ஒரு நாள் வீணானது என்னால். மறுபடி எழுதினேன். இந்த முறை ஏலச் சீட்டுகளைத் தேதி வாரியாக வெள்ளைத்தாளில் ஒட்டி, படகு உரிமையாளரிடம் ஒரு கடிதம், பேங்க் பாஸ்புக் பக்கங்கள் மூன்று சேர்த்துக் கொடுத்தோம். இப்படிப் பிடித்த பணத்தை விசாரித்துத் திருப்பித் தர அதிகாரிகள் குழு ஒன்று உண்டு. வேட்பாளரோடும் கட்சியோடும் சம்பந்தமில்லை என்று காட்டினால் போதும். பணம் திரும்பி வந்தது. அவரிடம் எழுதுகூலி வாங்க எனக்கு மனசு வரவில்லை.

இதிலேயே இன்னொரு கிளையும் இருக்கிறது. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்துக்கு நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் தனித்தனி அமைப்பு. வாக்காளர் பட்டியல் என்னவோ ஒன்றுதான். சட்டமன்றத் தொகுதிக்குத் தயாரித்த பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதனால்தான் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டவருக்கு 2022 மாநகராட்சித் தேர்தலில் வேறு பள்ளிக்கூடம் வந்தது. "என் பேரைத் தூக்கிட்டாங்க" என்று அழுதுகொண்டே வந்த அக்காவுக்குப் பாகம் எண்ணைத் தேடிக் காட்டினால் பேர் பத்திரமாக இருக்கும். வீடு மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இந்த இரண்டும் என் கடையில் எப்போதும் அடுக்கி வைத்திருப்பேன்.

எங்கள் ஆர்.கே. நகர் தொகுதிக்காரர்களுக்குத் தேர்தலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 ஜூனில் இடைத்தேர்தல், ஜெயலலிதா ஜெயித்தார். 2016 மே மாதம் பொதுத்தேர்தல், மறுபடியும் அவரே. அந்த டிசம்பரில் அவர் இறந்தார். 2017 ஏப்ரல் 12 அன்று நடக்க வேண்டிய இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா புகாரால் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21-ல் மறுபடி நடத்தினார்கள். 59 வேட்பாளர்கள், அதோடு நோட்டா. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்தான் என்பதால் மேசையில் நாலு கருவிகள் வரிசையாக இருந்தன. எனக்கு முன்னால் போன பாட்டி ஒவ்வொரு கருவியாகக் கண்ணைக் கொண்டுபோய் வைத்துச் சின்னம் தேடினார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது, யாரும் முணுமுணுக்கவில்லை. டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டரை வருடத்துக்குள் மூன்று முறை எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்த தொகுதி இது. தமிழ்நாட்டின் பெரிய தலைவர்கள் எல்லோரும் எங்கள் சந்துகளில் நடந்தார்கள்.

அதே காலத்தில் எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் இல்லை. இதைத்தான் நான் எழுத நினைத்தேன். 2011-ல் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் 5 வருடம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, ஒத்திவைப்பு என்று தள்ளிக்கொண்டே போனது. ஆணையரே தனி அலுவலராக இருந்து மன்றத்தின் வேலையையும் பார்த்தார். 200 வார்டுக்கும் சேர்த்து ஒருவர். 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. எண்ணிப் பாருங்கள், 5 வருடத்துக்கும் மேலே.

கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் தெரு ஆயா அங்கே போகமாட்டார். கவுன்சிலர் வீட்டுக்குப் போவார். காலை ஆறரைக்குப் போய்க் கதவைத் தட்டி, "இன்னாமா, மூணு நாளா லைட் எரில" என்று சத்தம் போடலாம். எழுதத் தெரிய வேண்டாம், பெறுநர் தெரிய வேண்டாம், எந்தக் குழாய் யாருடையது என்று தெரிய வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு போன் பண்ண வேண்டியது அவர் வேலை. அந்த 5 வருடமும் அந்தக் கதவு மூடிக் கிடந்தது. பழைய கவுன்சிலர்கள் சிலர் பதவி இல்லாமலே ஓடியாடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பதவி இல்லாதவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தப் பொறியாளருக்கும் இல்லை. ஜனங்கள் என் கடைக்கு வந்தார்கள். ‘உதவிப் பொறியாளர், வார்டு எண்’ என்று எத்தனை மனு அடித்திருப்பேன்! என் வருமானம் கூடியது. ஒவ்வொரு 50 ரூபாயை வாங்கும்போதும், இது ஒரு கதவைத் தட்டினால் முடிந்திருக்க வேண்டிய காரியம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

2011-ல் மேயருக்கும் தனியாக ஓட்டுப் போட்டோம். 2022-ல் கவுன்சிலருக்கு மட்டும். கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மேயர் பதவி அந்த முறை பட்டியல் சாதிப் பெண்ணுக்கு. மார்ச் 4-ம் தேதி 74-வது வார்டைச் சேர்ந்த பிரியா மேயரானார். திரு.வி.க. நகர் மண்டலம், எங்கள் வடசென்னைதான். 1688-ல் தொடங்கிய மாநகராட்சியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண். கட்சி எதுவாகவும் இருக்கட்டும், அன்றைக்கு டிவியில் அந்த அங்கியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பெறுநர் தெரியாமல் தவிக்கிறவர்களுக்காகவே எழுதிய மாதிரி ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(3). நீங்கள் கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், உங்கள் விண்ணப்பத்தை அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில். ‘இது எங்க வேலை இல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாத ஒரே காகிதம் அது. எந்தக் கதவும் திறக்காதபோது நான் ஒரு கேள்வியை எழுதிப் போடுவேன். ‘மேற்படி தெருவில் கழிவுநீர் அகற்றும் பொறுப்பு எந்த அலுவலரிடம் உள்ளது? அவரது பதவியும் அலுவலக முகவரியும் தருக.’ பதில் வரும். அதையும் நோட்டில் ஏற்றிக்கொள்வேன். இந்த 6(3) சாதாரண மனுக்களுக்கும் வர வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலோடு வந்த ஆயாவின் மனுவை முதலில் வாங்கிய மேசையே அடுத்த மேசைக்கு அனுப்பியிருந்தால் அந்தக் குழந்தை ஒரு மாதம் அவதிப்பட்டிருக்காது.

நேற்று அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘வார்டு மாமன்ற உறுப்பினர்’ என்ற வரிக்கு எதிரே நைனா கையெழுத்தில் மூன்று பேர், மூன்றும் அடித்தது. அதற்குக் கீழே 2011-ல் நான் எழுதியது, 2016-ல் அடித்தது. அப்புறம் வெறும் கோடு. நைனா பாடத்தை மீறி இந்த ஒரு வரியில் மட்டும் நாங்கள் இருவரும் எப்போதும் பேரைத்தான் எழுதி வந்திருக்கிறோம். அந்தக் காலி இடத்துக்குக் கீழே 2022 மார்ச்சில் நீல மையில் எழுதிய பேர் இருக்கிறது. மன்றத்தின் ஆயுள் 5 வருடம்தான், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ‘2027 மார்ச்’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.